மலைக்குப் போகுமுன் மூன்று மாதம்

(கேதார்நாத், பத்ரிநாத் பயணத்துக்குப் பெயர் கொடுத்துள்ள உறுப்பினர்களுக்காக, கீரமங்கலத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்கும்போது உங்களிடம் ஒரு கேள்வி கேட்டோம். "மே மாதப் பயணத்துக்கு இதுவரைக்கும் என்னென்ன தயார் பண்ணியிருக்கீங்க?" என்று. பருப்புப் பொடி இடிச்சாச்சு, புளிக்காய்ச்சல் போன வாரந்தான் காய்ச்சணும், பேத்தி சுவெட்டர் வாங்கித் தந்திருக்கு, காதுக்குக் குல்லா இருக்கு, சாமிக்கு முடிஞ்சு வச்ச காசு இருக்கு என்று வரிசையாகச் சொன்னீர்கள். நாற்பது பேர் சொன்னதில் ஒருவர்கூட "உடம்பைத் தயார் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லவில்லை. இதைக் குறையாகச் சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. 2019-ல் முதல் தடவை நம் குழுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனபோது நாங்கள் போட்ட பட்டியலும் இதேதான். ஊறுகாய் எத்தனை பாட்டில் என்று எழுதி வைத்தோம். யாருக்கு என்ன நோய் இருக்கிறது என்று எழுதி வைக்கவில்லை.

அந்தப் பயணத்தில் நடந்ததை இன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சம்பந்தப்பட்ட அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். "பேரை மட்டும் விட்டுருங்க, மத்ததெல்லாம் சொல்லுங்க, நாலு பேருக்கு உதவும்" என்று அவரே சொன்ன பிறகுதான் சொல்கிறோம்.

ரயிலில் டெல்லி, அங்கிருந்து ஹரித்வார். ஹரித்வாரில் ஒரு ராத்திரிதான். மறுநாள் விடியுமுன் பஸ் ஏற்றினார்கள். ஏற்பாடு செய்த ஏஜென்டுக்கு ஒரு நாள் குறைந்தால் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு மிச்சம். நாங்களும் சீக்கிரம் தரிசனம் முடியட்டும் என்று தலையை ஆட்டினோம். அன்று இரவு சோன்பிரயாக். அடுத்த நாள் காலையில் குதிரையில் ஏறி, சாயங்காலம் கேதார்நாத். ஹரித்வார் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கிற ஊர். கேதார்நாத் 3,583 மீட்டர். இரண்டே நாளில் 3,200 மீட்டருக்கு மேல் உடம்பைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டோம்.

அக்காவுக்குச் சாயங்காலமே தலைவலி. சாப்பாடு வேண்டாம் என்றார், வாந்தி எடுத்தார். "குதிரையில குலுங்கி வந்தது, தூங்கினா சரியாப் போயிரும்" என்று படுக்க வைத்தோம். நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து சம்பந்தம் இல்லாமல் பேச ஆரம்பித்தார். எழுந்து நடந்தபோது கால் பின்னியது. நம்ம ஆட்கள் என்ன செய்தோம் தெரியுமா? கற்பூரம் ஏற்றினோம். விபூதி பூசினோம். சாமி சந்நிதியில் இருக்கோம், அக்காவுக்குச் சாமி வந்திருக்கு, "யாரு வந்திருக்கே, சொல்லு தாயே" என்று கேட்டுக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே போனது. பக்கத்து அறையில் கேரளாவிலிருந்து வந்திருந்த நர்ஸ் அம்மா ஒருவர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். அக்காவை எழுப்பி, ஒரு கோட்டின் மேல் குதிகாலும் கட்டைவிரலும் ஒட்டினமாதிரி வைத்து நடக்கச் சொன்னார். ரெண்டு அடிகூட வைக்க முடியவில்லை. "இது சாமி இல்லை, மூளைக்குக் காற்று பத்தவில்லை, உடனே கீழே இறக்கணும்" என்றார். அங்கிருந்த மருத்துவ முகாமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆக்ஸிஜன் வைத்தார்கள். வெளிச்சம் வந்ததும் டோலியில் இறக்கினார்கள். இறங்க இறங்கப் பேச்சு தெளிந்தது. கௌரிகுண்ட் வந்தபோது அக்கா கேட்ட முதல் கேள்வி, "என் செருப்பை எங்கடி விட்டீங்க?"

இப்போது சிரிக்கிறோம். அன்றைக்கு அந்த நர்ஸ் அம்மா எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஊர் திரும்பிய பிறகுதான் மற்ற விஷயங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அக்காவுக்கு நாலு வருஷமாக பி.பி. இருந்திருக்கிறது. ரயில் ஏறின நாளிலிருந்து மாத்திரை போடவில்லை. ஏன் என்றால் அந்த மாத்திரை போட்டால் அடிக்கடி ஒதுங்கணும். ஆம்பிளை டிரைவரிடம் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கம். அதே காரணத்துக்காகத் தண்ணீரும் குடிக்கவில்லை. நோய் இருப்பதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "சொன்னா என்னைய விட்டுட்டுப் போயிருவீங்கல்ல" என்றார். பத்து வருஷம் குழுவில் ஒன்றாக உட்கார்ந்து வரவு செலவு பார்த்தவர்களிடம் சொல்ல முடியவில்லை.

இந்தத் தடவை அப்படி நடக்கக் கூடாது என்பதற்குத்தான் பயணத்துக்கு மூன்று மாதம் முன்னாலேயே கூட்டியிருக்கிறோம்.

முதலில் அந்த உயரத்தைப் புரிந்துகொள்வோம். தமிழ்நாட்டிலேயே உயரமான சிகரம் ஊட்டியில் இருக்கிற தொட்டபெட்டா, 2,637 மீட்டர். கேதார்நாத் அதையும் விடக் கிட்டத்தட்ட 950 மீட்டர் உயரம். ஆனால் கஷ்டம் ஏற்றம் மட்டும் இல்லை. மேலே போகப் போகக் காற்று மெலிந்துபோகிறது. நம் ஊரில் ஒரு மூச்சு இழுத்தால் நூறு பங்கு பிராணவாயு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அங்கே அதே மூச்சில் ஏறக்குறைய அறுபத்தைந்து பங்குதான் கிடைக்கும். அடுப்படிக் கணக்கில் சொல்வதானால், நம் வீட்டில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. அங்கே 88 டிகிரிக்கே தளதள என்று கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் சூடு பத்தாது. குக்கர் இல்லாமல் சோறு ஒழுங்காக வேகாது. அரிசிக்கே அந்தக் கதி என்றால் நம் நெஞ்சுக்கும் தலைக்கும் எப்படி இருக்கும்?

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். அதற்கு நாள் வேண்டும், அவ்வளவுதான். வேகமாக மூச்சு விடக் கற்றுக்கொள்ளும், ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும். அந்த நாட்களைக் கொடுக்காமல் ஏறினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, கிறுகிறுப்பு எல்லாம் வரும். இது முதல் கட்டம். இதில் ஏறுவதை நிறுத்தி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாமல் தொடர்ந்து ஏறினால் இரண்டு ஆபத்து. ஒன்று, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், நுரை கட்டும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. இன்னொன்று, அக்காவுக்கு வந்தது: தள்ளாட்டம், குழப்பமான பேச்சு. இந்த இரண்டுக்கும் முதல் வைத்தியம் கீழே இறங்குவது. விடியட்டும், தரிசனம் முடியட்டும், பூஜை முடியட்டும் என்று காத்திருக்கிற நோய் இல்லை இது. சின்ன டப்பாவில் ஆக்ஸிஜன் விற்பார்கள். அது சில நிமிஷத்துக்குத்தான் வரும். அதை நம்பி மேலே ஏறாதீர்கள்.

"நாங்க பழனிக்கு நடந்தவங்க, எங்களுக்கு என்ன" என்று பின்னால் ஒரு குரல் கேட்கிறது. வேளாங்கண்ணிக்கு நடந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். நடை வலு நிச்சயமாக உதவும், மறுக்கவில்லை. ஆனால் மெலிந்த காற்று, நடக்கத் தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்ப்பதில்லை. நல்ல திடமான ஆட்கள்தான் "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று விறுவிறு என ஏறிப் போய் முதலில் படுத்துக்கொள்கிறார்கள். குதிரையில் போனாலும் இதுதான், ஹெலிகாப்டரில் போனாலும் இதுதான். கால் வலி மிச்சமாகும், ஆனால் இன்னும் சீக்கிரமாக மேலே போய்விடுவதால் உடம்புக்குப் பழக நேரமே கிடைக்காது.

இது பயமுறுத்துவதற்காகச் சொல்வது இல்லை. 2022-ஆம் ஆண்டு யாத்திரைக் காலத்தில் கேதார்நாத், பத்ரிநாத், கங்கோத்ரி, யமுனோத்ரி இந்த நாலு தலங்களின் பாதையில் மட்டும் 200-க்கும் மேற்பட்டவர்கள் உடல்நலம் கெட்டு இறந்துபோனார்கள். பெரும்பாலும் மாரடைப்பு. அதற்குப் பிறகு உத்தரகண்ட் அரசு தெளிவாக அறிவுரை வெளியிட்டது. குறைந்தது ஏழு நாளாவது வரும்படி பயணத்தைத் திட்டமிடுங்கள், வருமுன் தினமும் இருபது முப்பது நிமிஷம் நடந்து பழகுங்கள், ஐந்து பத்து நிமிஷம் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், வயதானவர்களும் இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களும் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. கயிலாய மானசரோவருக்கு மத்திய அரசு மூலம் போகிறவர்களுக்கு 18 முதல் 70 வயது வரை என்று வரம்பு உண்டு. டெல்லியில் ஒரு தடவை, மலைமேல் குஞ்சி என்ற இடத்தில் இன்னொரு தடவை மருத்துவப் பரிசோதனை உண்டு. தேறாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேதார்நாத்துக்குப் பதிவு செய்வது கட்டாயம். ஆனால் அதுபோன்ற மருத்துவ வடிகட்டல் எல்லோருக்கும் கிடையாது. அதனால் நம்மை நாமே சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழு குழுவாகப் போகிறோம். பி.பி., சர்க்கரை, இ.சி.ஜி., அதோடு ஹீமோகுளோபின். கடைசியாகச் சொன்னது முக்கியம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை. ஏற்கெனவே காற்று மெலிவு. அந்தக் காற்றைச் சுமந்து போகிற ரத்தமும் மெலிவு என்றால் ஏற்றத்தில் என்ன ஆவது? இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டு ரத்தம் ஏறுவதற்கே இரண்டு மூன்று மாதம் ஆகும். மூன்று மாதம் முன்னாலேயே ஏன் கூப்பிட்டோம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாத்திரை போட்டால் வயிறு கட்டிக்குது, கறுப்பாப் போகுது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். மலை நோய் வராமல் தடுக்க ஒரு மாத்திரை உண்டு என்று யாராவது சொன்னால், டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம்.

இப்போது பெரிய விஷயம். பரிசோதனையில் நோய் தெரிந்தால் பேரை அடித்துவிடுவோம் என்று நினைக்காதீர்கள். போன மாதம் கூட்டமைப்பில் பேசித் தீர்மான நோட்டிலேயே எழுதியிருக்கிறோம். நோயைச் சொன்னதற்காக யார் பேரும் நீக்கப்படாது. டாக்டர் பார்த்து "மாத்திரையோடு போகலாம்" என்றால் போகலாம். "மேலே வேண்டாம்" என்றால், அவர் குப்தகாசி வரை வரலாம். அது 1,300 மீட்டர் உயரம்தான், நம் ஏற்காட்டை விடச் சற்றுத் தாழ்வு. அங்கே தங்கலாம், துணைக்கு ஒருவர் இருப்பார். பிரசாதம் வந்து சேரும். அதுவும் வேண்டாம் என்றால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். கடைசி நாள் வரை.

சரி, இனி நடை. பூப்பறிக்கிறோம், களை எடுக்கிறோம், நாள் முழுக்க வேலைதானே, தனியாக நடை எதற்கு என்று கேட்கிறீர்கள். குனிந்து செய்கிற வேலைக்கும் மணிக்கணக்கில் ஏறுகிற வேலைக்கும் வேறு வேறு தசை. முதுகு நமக்குப் பலம். தொடையும் மூச்சும் பத்தாது. முதல் மாதம் தினமும் அரை மணி நேரம் குளக்கரையில் சற்று வேகமாக நடங்கள். அளவு என்னவென்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேசவே முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். புறணி பேசிக்கொண்டே நடந்தால் இன்னும் நல்லது, வேகம் தானாகச் சரியாக இருக்கும். இரண்டாவது மாதம் ஒரு மணி நேரம், முதுகுப் பையில் மூன்று கிலோ அரிசியோடு. மூன்றாவது மாதம் ஆறு கிலோ. நம் பக்கம் எல்லாம் தட்டைத் தரை. ஏறிப் பழக மலை இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் விராலிமலைப் படிகள், நார்த்தாமலைக் குன்று, அப்புறம் திருச்சி மலைக்கோட்டை என்று போகலாம். கடைசியாக ஒரு தடவை பழனியில் 693 படியும் பையோடு ஏறி இறங்கிப் பார்ப்போம், விஞ்சில் இல்லாமல். இறங்கிப் பழகுவதுதான் முக்கியம். முட்டி வலிப்பது ஏறும்போது இல்லை, இறங்கும்போது. கால் விரல் நகத்தை ஒட்ட வெட்டாமல் போனால் இறக்கத்தில் ஷூவில் இடித்து இடித்து நகம் கறுத்துக் கழன்றே போகும்.

ஷூவை இப்போதே வாங்கிவிடுங்கள். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும். ரப்பர் செருப்போடு அந்தப் பாதையில் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம், மழை பெய்தால் குதிரைச் சாணியும் சேறும் வழுக்கும், பல்லை உடைத்துக்கொள்வார்கள். "ஷூ போட்டா ஊர் சிரிக்கும்" என்று ஒரு சித்தி சொன்னார். 1990-களின் தொடக்கத்தில் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டபோதும் ஊர் சிரித்தது. இப்போது அந்தச் சித்தியே டி.வி.எஸ். ஐம்பதில்தான் கூட்டத்துக்கு வருகிறார்.

சேலையில் ஏறலாமா என்றால், ஏறுகிறார்கள். ஆனால் நனைந்த சேலை காலைச் சுற்றும், குளிரை உடம்போடு ஒட்டி வைக்கும். சுடிதார் நல்லது. சுடிதாரும் கூச்சம் என்றால் நைட்டிக்குள்ளே பேன்ட். பருத்தித் துணி நனைந்தால் சீக்கிரம் காயாது. உள்ளே ஒரு மெல்லிய பனியன், மேலே கம்பளி, அதற்கு மேலே மழைக் கோட்டு என்று அடுக்கடுக்காகப் போட்டால், நடக்கும்போது வேர்த்தால் ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். மே மாதம்தானே, வெயில் காலம்தானே என்று நினைக்காதீர்கள். அங்கே மே மாதத்திலும் பனி கிடக்கும். தலைக்குத் தேய்க்கிற நம் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்துவிடும். வாய் அகலமான டப்பாவில் கொண்டு வாருங்கள், விரலால் சுரண்டி எடுக்கலாம். செல்போன் பேட்டரியும் சர்க்கரை பார்க்கிற மிஷினும் குளிரில் வேலை செய்யாமல் போகும். உடம்போடு ஒட்டின உள்பையில் வையுங்கள். இன்சுலினும் உறையக் கூடாது.

பையை மூட்டை கட்டி முடித்ததும் பூக் கமிஷன் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். பெரிய மூட்டை கீழே அறையில் இருக்கட்டும். மேலே ஏறும்போது முதுகில் ஆறு கிலோவுக்கு மேல் வேண்டாம். பத்துப் பேர் பத்து ஊறுகாய் பாட்டில் தூக்காதீர்கள். போன தடவை ஒரு குழுவில் ஏழு பாட்டில் நார்த்தங்காய், ஒரு பாட்டில்கூடத் தீரவில்லை. தோளில் தொங்குகிற கட்டைப்பை வேண்டாம். இரண்டு தோளிலும் மாட்டுகிற பள்ளிக்கூடப் பை போதும், பிள்ளைகளுடைய பழைய பை இருந்தால் அதுவே.

தண்ணீர் பற்றி வெட்கப்படாமல் பேசுவோம். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். ஒதுங்க இடம் இல்லையே என்று பெண்கள் குடிக்காமல் இருப்பதுதான் நம் பயணங்களில் பாதி நோய்க்குக் காரணம். இந்தத் தடவை பஸ் பேசும்போதே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்று எழுதி வாங்குகிறோம். நிறுத்தச் சொல்கிற பொறுப்பை ஒரு ஆளுக்கே கொடுக்கிறோம். அவர் சத்தமாகக் கேட்பார், மற்றவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. மாதவிலக்கு வரும் தேதி என்று தெரிந்தால் துணியோ நாப்கினோ கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், போட்டுச் சுற்றிவர ஒரு பையும். தள்ளிப்போடுகிற மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்காதீர்கள். பி.பி. உள்ளவர்களும், ரத்தம் கட்டிக்கொள்ளும் தொந்தரவு இருந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பயண நாட்களையும் இந்தத் தடவை மாற்றியிருக்கிறோம். ஹரித்வாரில் ஒரு நாள் இளைப்பாறல். குப்தகாசியில் இரண்டு இரவு. அடுத்து கௌரிகுண்ட் பக்கம் ஒரு இரவு, அது ஏறக்குறைய 2,000 மீட்டர். அங்கிருந்து மேலே 16 கிலோமீட்டர். முன்பு 14 இருந்தது. 2013 ஜூன் 16, 17 தேதிகளில் வந்த வெள்ளத்தில் பாதி வழியில் இருந்த ராம்பாடா என்ற இடமே அடித்துப் போய்விட்டது, பிறகு ஆற்றின் மறுபக்கம் புதுப் பாதை போட்டார்கள். அந்தப் பாதையில் லிஞ்சோலியில் ஒரு இரவு தங்கி, மறுநாள் காலையில் மீதியை ஏறுகிறோம். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், படுக்கிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை ஏறுகிறவர்கள் வைத்திருக்கிற கணக்கு. இதனால் மூன்று நாள் கூடுதல், செலவும் கூடுதல். இரண்டு ஏஜென்டுகள் "எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று போய்விட்டார்கள். போகட்டும்.

செலவுக்கு உள்கடன் கேட்டு மூன்று குழுவிலிருந்து மனு வந்திருக்கிறது. எங்கள் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். மாட்டுக்கும் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் கொடுக்கிற கடனை யாத்திரைக்குக் கொடுக்க வேண்டாம். பயணத்துக்கென்று தனிச் சேமிப்பு போட்டு, அது சேர்ந்த வருஷம் போகலாம். இந்த வருஷம் சேராதவர்களுக்கு அடுத்த வருஷமும் மலை அங்கேயேதான் இருக்கும். முடிவு உங்கள் குழுவுடையது.

சிலருக்குப் பணமும் இருக்கிறது, உடம்பும் இருக்கிறது. ஆனால் மாட்டை யார் பார்ப்பது? மூன்று மணிக்கு எழுந்து டார்ச் கட்டிக்கொண்டு மல்லிகை எடுப்பது யார்? மாமியாருக்குக் கஞ்சி யார் வைப்பது? போன தடவை பேர் கொடுத்துவிட்டுக் கடைசி வாரத்தில் நின்றுபோனவர்கள் பதினோரு பேர். ஒருவர்கூட நோயால் நிற்கவில்லை. எல்லாம் இதனால்தான். ஆகவே இதையும் முன்னேற்பாட்டில் சேர்த்திருக்கிறோம். போகிறவருக்கு, போகாத உறுப்பினர் ஒருவர் ஈடு. பதினாறு நாள் அவர் வீட்டுப் பூவும் மாடும் இவர் பொறுப்பு. அடுத்து இவர் மகள் வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போகும்போது அவர் பொறுப்பு. யாருக்கு யார் என்று இன்றைக்கே எழுதி வைத்துவிடுவோம். வீட்டுக்காரர்கள் முறுக்கிக்கொண்டால் எங்களைக் கூப்பிடுங்கள், வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் பேசிவிட்டுப் போகிறோம். பாதிப் பேர் அதற்கே இறங்கி வந்துவிடுவார்கள்.

இதெல்லாம் நமக்கு ஆகிற காரியமா என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காரைக்கால் அம்மையார் கயிலைக்குத் தலையாலேயே நடந்து ஏறினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அது புராணம், அம்மையார் அளவுக்கு நம்மால் ஆகாது. நம் காலத்துக் கதை ஒன்று உண்டு. உத்தரகாசி பக்கத்து நாகுரி கிராமத்தில் பிறந்தவர் பச்சேந்திரி பால். தையல் வேலை செய்து படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்டவர். 1984 மே 23-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் ஆனார். அவர்கள் குழு டெல்லியிலிருந்து கிளம்பியது மார்ச் 7. உச்சிக்குப் போனது பதினோரு வாரம் கழித்து. இடையில் ஏறுவதும் இறங்குவதும் மறுபடி ஏறுவதுமாக உடம்பைப் பழக்கினார்கள். அதே மே 23-ஆம் தேதி, 2023-ல், விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறினார். தமிழ்நாட்டிலிருந்து முதல் பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

எவரெஸ்ட் நமக்கு வேண்டாம். 2022-ல் அதே பச்சேந்திரி பால் தலைமையில், ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் மட்டுமே கொண்ட ஒரு குழு, அருணாசலப் பிரதேசத்தில் மார்ச் மாதம் நடக்கத் தொடங்கி ஜூலையில் லடாக்கில் முடித்தது. ஏறக்குறைய ஐந்து மாதம். 4,600 கிலோமீட்டருக்கு மேல். முப்பதுக்கும் மேற்பட்ட கணவாய்கள். பாதி வழியில் பச்சேந்திரி பாலுக்கு 68 வயது நிறைந்தது. அந்தக் குழுவில் குடும்பத் தலைவிகளும் இருந்தார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்களும் இருந்தார்கள்.

இன்னும் ஒரே ஒரு ஏற்பாடு பாக்கி. எல்லோரும் இரண்டு இரண்டு பேராகச் சோடி சேர்ந்துகொள்ள வேண்டும். சோடியில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் இன்னொருவர் அவரோடு கீழே இறங்க வேண்டும். கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தாலும் இறங்க வேண்டும். மேலே போய் யோசித்தால் மனசு கேட்காது, அதனால் இங்கேயே வாக்குக் கொடுத்துவிட வேண்டும். 2019-ல் அக்காவோடு டோலிக்குப் பின்னாலேயே ஓடிவந்த ஊக்குநருக்கு அன்றைக்குத் தரிசனம் கிடைக்கவில்லை. இந்தத் தடவை அவர்கள் இரண்டு பேரும்தான் முதல் சோடியாகப் பேர் கொடுத்திருக்கிறார்கள். அக்கா பி.பி. மாத்திரைச் சீட்டைக் கூட்டம் தொடங்குமுன்பே எங்கள் கையில் கொடுத்துவிட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் குளக்கரையில் நடை தொடங்குகிறது. பூ எடுக்கிறவர்களுக்கு அந்த நேரம் ஒத்துவராது என்பதால் சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்னொரு நடை உண்டு. ஷூ வாங்கியவர்கள் போட்டுக்கொண்டு வாருங்கள், வாங்காதவர்கள் செருப்போடு வந்தாலும் சரி. சாப்பிடுகிற மாத்திரை எதுவானாலும் அதன் அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.